ரெண்டு சிலபஸ், ஒரு பென்சில்

ரெண்டு மாசமாக எங்கள் வீட்டில் ஒரே பேச்சு. பெண் பி.எஸ்ஸி. கணிதம் முடிக்கிறாள், அடுத்து என்ன?

இங்கே கொல்கத்தாவிலேயே, பி.டி. ரோட்டில் இந்தியப் புள்ளியியல் கழகம் இருக்கிறது. குவாண்டிடேடிவ் எகனாமிக்ஸ் முதுகலைக்கு டியூஷன் ஃபீஸ் கிடையாது, மாசாமாசம் உதவித்தொகை வேறு. நுழைவுத்தேர்வு எழுதினாள், கிடைக்கவில்லை. மிச்சம் இருந்தது சென்னை கோட்டூர்புரத்து மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ். நாங்கள் பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பிய ஊருக்கே இவள் திரும்பப் பெட்டி கட்டுவதில் தங்கமணிக்குப் பாதி சந்தோஷம், பாதி அழுகை.

அங்கேதான் சிக்கல். ஒரு எம்.ஏ. ஃபைனான்ஷியல் எகனாமிக்ஸ், இன்னொரு எம்.ஏ. அப்ளைடு குவாண்டிடேடிவ் ஃபைனான்ஸ். வெளியிலிருந்து பார்த்தால் ரெட்டைப் பிள்ளைகள். எனக்குச் சந்தேகமே இல்லை, ரெண்டாவதுதான். நான் பி.காம். ஆபீஸ் மீட்டிங்கில் யாராவது 'வேல்யூ அட் ரிஸ்க்' என்று ஆரம்பித்தால் எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டுகிற ஆசாமி. என் பெண்ணும் அப்படித் தலையாட்டக் கூடாது இல்லையா?

அவள் ஒன்றுமே சொல்லவில்லை. அதுதான் உறுத்தியது.

எங்கள் ரிஸ்க் டிபார்ட்மென்ட்டில் ஒரு பெங்காலி நண்பர். அவரிடம் கேட்டேன். "ரெண்டு சிலபஸையும் பக்கத்துல பக்கத்துல வையுங்க. பொதுவா இருக்கற பேப்பரையெல்லாம் பென்சிலால அடிங்க. மிச்சம் இருக்கறதுதான் நீங்க தேர்ந்தெடுக்கறது" என்றார்.

அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் அடித்தோம். புள்ளியியல், எகனாமெட்ரிக்ஸ் எல்லாம் போயிற்று. ஒரு பக்கம் பெரும்பாலும் பொருளாதாரம் மிஞ்சியது, இன்னொரு பக்கம் டெரிவேடிவ் விலைக்கணக்கும் புரோகிராமிங்கும்.

நண்பர் சொன்ன கதையையும் அவளிடம் சொன்னேன். ஆப்ஷனுக்கு விலை போடும் பிளாக்-ஷோல்ஸ் சூத்திரம் வந்தது 1973-ல். அதற்காக ஷோல்ஸும் மெர்டனும் 1997-ல் நோபல் வாங்கினார்கள். அடுத்த வருஷமே ரஷ்யா கடனைக் கட்டாமல் கைவிரிக்க, அவர்கள் பங்குதாரர்களாக இருந்த எல்.டி.சி.எம். என்ற ஃபண்டு கவிழ்ந்தது.

"வேல்யூ அட் ரிஸ்க்னா இவ்வளவுதான் கண்ணு. நூறு நாள்ல தொண்ணூத்தொன்பது நாள் நஷ்டம் இந்தத் தொகையைத் தாண்டாதுன்னு சொல்ற கணக்கு. அதைப் போடறதுக்கு ஒரு ஆள் வேணும். மிச்சம் இருக்கற அந்த ஒரு நாள் ஏன் வருதுன்னு யோசிக்க இன்னொரு ஆள் வேணும். உனக்கு எந்த நாற்காலி?"

கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஒரு நாள்தான்ப்பா. மேத்ஸ் நீங்க சொன்னீங்கன்னு எடுத்தேன். பிடிக்காமப் போகல. ஆனா எனக்கு எப்பவும் 'ஏன்'தான் பிடிக்கும். நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான் சொல்லல."

சுருக்கென்றது. மூணு வருஷம் முன்னாலேயும் நான் கேட்கவே இல்லையே! எனக்குக் கிடைக்காத கணக்கை அவள் தலையில் கட்டியிருக்கிறேன், ரெண்டாவது தடவையும் கட்டப் பார்த்தேன்.

ஃபைனான்ஷியல் எகனாமிக்ஸுக்குப் பணம் கட்டியாச்சு. படித்த கணக்கு எங்கேயும் போய்விடாது, அங்கேயும் உதவும்.

உங்கள் வீட்டிலும் இந்தக் குழப்பம் இருந்தால், கோர்ஸ் பெயரை மறந்துவிட்டுப் பென்சிலை எடுங்கள். அடித்து முடித்ததும் அதைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். எனக்கு அது புரிய மூணு வருஷம் ஆயிற்று.