பென்சில் யார் கையில்?

என் சித்தியின் மகனுக்குக் கற்றல் குறைபாடு உண்டு. அதிகம் பேசமாட்டான், வட்டம் வட்டமாகக் கீறிக்கொண்டே இருப்பான். எனக்கும் படம் கீற ஆசை. ஒருநாள் அவன் கையைப் பிடித்து அந்த வட்டங்களைப் பூவாக மாற்றினேன். எல்லோரும் பாராட்டினார்கள். அவன் பென்சிலை வைத்துவிட்டு எழுந்து போனான்.

அது ஏன் என்று நெனா கலுவைப் பற்றி வாசித்தபோதுதான் புரிந்தது. 2025 டிசம்பரில் அவருக்கு டேர்னர் பரிசு கிடைத்தது. பிரிட்டனின் புகழ்பெற்ற அந்தக் கலைப் பரிசைக் கற்றல் குறைபாடுள்ள ஒருவர் பெற்றது அதுவே முதல் முறை. அவரும் சுழல் சுழலாகக் கீறுபவர். துணியையும் பழைய வீடியோ நாடாவையும் சுற்றிச் சுற்றித் தொங்கும் சிற்பங்கள் செய்பவர். லண்டனிலுள்ள அக்ஷன்ஸ்பேஸ் அமைப்பு 1999 முதல் அவருக்குத் துணை நிற்கிறது. இடமும் பொருளும் நேரமும் அவர்கள் பொறுப்பு. கீறுவது அவர்.

இப்போது தம்பிக்குப் பெரிய தாளை விரித்து, ஓரங்களை ஒட்டி, பென்சில் சீவிக் கொடுக்கிறேன். பக்கத்தில் இருந்து என் படத்தை நான் கீறுகிறேன். போன ஞாயிறு அவனே என் தாளில் ஒரு வட்டம் போட்டான். அதை நான் அழிக்கவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், முதலில் தாளை மட்டும் கொடுத்துப் பாருங்கள்.