ஒட்டகத்தைக் கட்டுவதும் பிரேக் பிடிப்பதும்



ஒசூர் சிப்காட்டில் என் மகனுக்கு வேலை கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். வார நாட்களில் அங்கேயே அறையெடுத்துத் தங்குகிறான். சனிக்கிழமை பணி முடிந்ததும் சூளகிரி, கிருஷ்ணகிரி வழியாக லாரிகளுக்கு இடையே மத்தூருக்கு வர அவனுக்கு ஒரு வண்டி தேவைப்பட்டது. நான் 100 சிசி போதும் என்றேன். அவன் 160 சிசி கேட்டான். "அதில் ஏபிஎஸ் இருக்கிறது அத்தா" என்றான்.

வேகமாக ஓட்டுவதற்குச் சொல்லும் சாக்கு என்றே எண்ணினேன். "முப்பது ஆண்டுகளாக நான் அது இல்லாமல்தானே ஓட்டுகிறேன்? அல்லாஹ் காப்பாற்றவில்லையா?" என்று கேட்டுவிட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. அடுப்படியிலிருந்த அவன் அம்மா தன் வலது மணிக்கட்டை உயர்த்திக் காட்டினாள்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், கிருஷ்ணகிரியில் ஒரு நிக்காஹ் முடிந்து இருவரும் திரும்பிக்கொண்டிருந்தோம். மழைத் தூறல். வேகம் நாற்பதுக்கு மேல் இல்லை. நாய் ஒன்று குறுக்கே பாய்ந்தது. முன் பிரேக்கை முழுக்கையால் இறுக்கினேன். சக்கரம் சுழலாமல் நின்றது, வண்டி நிற்கவில்லை. எனக்குச் சிராய்ப்பு, அவளுக்கு எலும்பு முறிந்து பிளேட் வைத்தார்கள். மழையையும் நாயையும் குறை சொல்லியே இத்தனை நாளும் கடத்திவிட்டேன்.

அன்று மாலை மகன் என் வண்டியின் முன்சக்கரத்தைச் சுழற்றிக் காட்டி விளக்கினான். உருளுகிற சக்கரமே சாலையைப் பற்றும்; உருளாமல் நின்ற சக்கரம் வழுக்கும். ஏபிஎஸ் உள்ள வண்டியில் ஒரு சென்சார் சக்கரத்தின் சுழற்சியைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது. சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகும் கணத்தில் பிரேக்கின் அழுத்தத்தைத் தளர்த்தி, மீண்டும் கொடுக்கிறது. ஒரு நொடிக்குள் பலமுறை. பதறிய கைக்கு அந்த நிதானம் வராது. எனக்கு வரவில்லை.

125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகள் அனைத்திற்கும் 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம். அதற்குக் கீழ்ப்பட்டவற்றுக்குச் சிபிஎஸ் போதும் என்றது சட்டம். அது ஒரு பிரேக்கை அழுத்தினால் இரு சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்ந்து தரும். சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்காது. நம் வீடுகளில் மனைவியையும் நடுவில் பிள்ளையையும் வைத்து ஓட்டுவது இந்தச் சிறிய வண்டிகளைத்தானே! இந்தக் கோடு எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை. 2022-இல் நாட்டின் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர், அவர்களுள் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். சிறிய வண்டிகளுக்கும் ஏபிஎஸ்ஸைக் கட்டாயமாக்கும் வரைவு விதியை மத்திய அரசு 2025-இல் வெளியிட்டபோது, விலை கூடும் என்ற மறுப்பு எழுந்தது. அது பொய்யன்று. டிரம் பிரேக்கை மாற்றி டிஸ்க் வைக்க வேண்டும். கூடும் சில ஆயிரம் ரூபாய் ஒரு கூலித் தொழிலாளிக்குப் பெரிய தொகை. ஆயினும் அந்த ஒரு பிளேட்டுக்கு நான் கட்டிய தொகை அதனினும் பெரிது.

ஏபிஎஸ் எல்லாம் செய்துவிடாது. நம் ஊர் மண்பாதையிலும் சரளையிலும் வண்டி நிற்கச் சற்றுக் கூடுதல் தூரம்கூட எடுக்கும். தேய்ந்த டயரையும் தலைக்கவசமில்லாத தலையையும் அது காக்காது. மகனிடம் இவற்றையும் சொன்னேன், தெரியும் என்றான்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபிமொழியை ஜும்ஆ பயான்களில் எத்தனை முறை கேட்டிருப்பேன்! அன்று நான் மகனிடம் கேட்ட கேள்வியில் இருந்தது தவக்குல் அன்று, சிக்கனம். அதற்கு அல்லாஹ்வின் பெயரைத் துணைக்கு அழைத்துவிட்டேன் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

வட்டிக் கடன் வேண்டாம் என்பதால் நான்கு மாதம் பணம் சேர்த்து, அவன் கேட்ட வண்டியையே வாங்கினோம். என் பழைய வண்டி இன்னும் திண்ணையோரம் நிற்கிறது. கடைத்தெருவுக்கு அதில்தான் போகிறேன். மழை நாளில் அவள் அதில் ஏறுவதில்லை. மகன் வரட்டும் என்கிறாள்.