ஸட்ஜம் எது என்று கணினி கேட்பதில்லை

சாலிகிராமம், வடபழனி பக்கத்து மாடி வீடுகளில் இயங்கும் சிறு ஸ்டுடியோக்களில், ஒரு பாட்டு "ஏதோ சேரல" என்று நிற்கும் நேரம்தான் பார்க்க வேண்டிய நேரம். திரையில் டிராக்குகள் அடுக்கடுக்காக ஓடுகின்றன. எந்த டிராக் எந்த ஸ்கேலில் இருக்கிறது என்று சொல்லும் பிளக்-இன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. நான் கவனித்த தேர்ந்த புரோகிராமர்கள் முதலில் அதைத் தொடுவதில்லை. எல்லாவற்றையும் மியூட் செய்துவிட்டுத் தம்பூராவை மட்டும் ஓடவிடுகிறார்கள். பாட்டு ஒரு கட்டை என்றால் ஸி, ஐந்து கட்டை என்றால் ஜி. அந்தச் சுருதியின் மேல் குரல் மட்டும். பிறகு குரலை நிறுத்திவிட்டு பேஸ். பிறகு பேஸோடு, பின்னணியில் நீண்டு ஒலிக்கும் பேட். இப்படி இரண்டிரண்டாகத் திறந்து கேட்டு, எந்த ஜோடி உரசுகிறது என்று பிடிக்கிறார்கள். பழைய ஆட்களின் பிடிவாதம் என்று இதை ஒதுக்குவது தவறு என்பது என் முடிவு. அபஸ்வரம் இரண்டு ஒலிகளுக்கு நடுவே பிறப்பது. தனித்தனி ஸ்வரங்களை எண்ணும் கருவிக்கு அது அகப்படுவது அரிது.

ஸ்கேலைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்களுக்குப் பின்னால் இருக்கும் புகழ்பெற்ற வழிமுறை ஒன்றைப் பார்த்தாலே காரணம் புரியும். கேரல் க்ரம்ஹான்ஸல், கெஸ்லர் இருவரும் 1982-ல் வெளியிட்ட ஆய்வில், மேற்கத்திய இசைப் பயிற்சி உள்ளவர்களிடம் ஒரு ஸ்வரம் ஒரு ஸ்கேலுக்குள் எவ்வளவு பொருந்துகிறது என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். அதிலிருந்து 12 மேஜர், 12 மைனர் என 24 அச்சுகள் கிடைத்தன. பாட்டில் எந்த ஸ்வரம் எவ்வளவு நேரம் ஒலிக்கிறது என்று கூட்டி, 24-ல் எதோடு அதிகம் ஒத்துப்போகிறதோ அதையே கீ என்று சொல்வதுதான் வழிமுறை. இப்போது ஒரு கட்டையில் கல்யாணி பாடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஸியில் தொடங்கும் கல்யாணியின் ஏழு ஸ்வரங்களும் ஜி மேஜரின் ஏழு ஸ்வரங்களும் ஒன்றே. கல்யாணிக்கென்று ஓர் அச்சு அந்த 24-ல் இல்லாததால் மென்பொருள் எளிதாக ஜி மேஜர் என்றோ ஈ மைனர் என்றோ சொல்லிவிடலாம். அதை நம்பி ஜியை வீடாக வைத்துக் கார்டு போட்டால், திரையில் ஒரு ஸ்வரம்கூட வெளியே நிற்காது. ஆனால் பாடகர் ஸட்ஜத்தில் வந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் அது ஐந்து கட்டைச் சங்கராபரணத்தின் மத்யமம் போல அந்தரத்தில் தொங்கும். மோகனத்தில் சிக்கல் இன்னும் கூடுதல்: ஐந்தே ஸ்வரங்கள், எதை ஸட்ஜமாக்கினாலும் இன்னொரு ராகம். நம் பண் மரபு பண்ணுப்பெயர்த்தல் என்றும், கர்நாடக மரபு கிரகபேதம் என்றும் கையாண்ட விஷயம்தான் இது. ஸ்வரக் கூட்டம் மாறாமலே பாட்டு மாறும்.

கீ சரியாக இருந்தும் இடிப்பது அடுத்த வகை. ஸியையும் அதன் அந்தர காந்தாரமான ஈயையும் கீபோர்டின் நடுப்பகுதியில் சேர்த்து வாசித்தால் இனிக்கிறது; இரண்டு ஸ்தாயி கீழே அதே ஜோடி கலங்கிப்போகிறது. நடுவில் அவற்றின் அதிர்வெண் வித்தியாசம் 68 ஹெர்ட்ஸ். கீழே 65-க்கும் 82-க்கும் நடுவே வெறும் 17. நெருங்கிய அதிர்வெண்களைக் காது தனித்தனியாகப் பிரிக்க முடியாதபோது கரகரப்பு பிறக்கிறது என்பதை ப்ளாம்ப், லெவெல்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1965-ல் விளக்கினார்கள். தம்பூராவோடு பேஸை மட்டும் கேட்டவர் இதை உடனே பிடித்து, காந்தாரத்தை ஒரு ஸ்தாயி மேலே தூக்கிவிடுகிறார். இன்னொரு இடம் குரலும் பேடும். தம்பூராவில் தானாகவே எழும் காந்தாரத்தோடு இழைந்து பாடுகிறவரின் காந்தாரம் ஸட்ஜத்திலிருந்து 386 சென்ட் (ஸ்வர இடைவெளியை அளக்கும் நுண்ணளவு) தள்ளி நிற்கும். கீபோர்டின் காந்தாரம் 400 சென்டில். இரண்டும் சேரும்போது நடு ஸ்தாயியில் விநாடிக்கு இரண்டரை முறை ஓர் அலை எழுந்து அடங்குகிறது. திரை இதைப் பாடகர் 14 சென்ட் இறங்கிவிட்டார் என்று காட்டும். பிட்ச் கரெக்‌ஷன் போட்டால், சுருதியோடு சேர்ந்து நின்ற குரல் சுருதியிலிருந்து விலக்கப்படும். அனுபவப்பட்டவர் குரலைத் தொடாமல் பேடிலிருந்து காந்தாரத்தை எடுத்துவிட்டு ஸட்ஜ பஞ்சமத்தை மட்டும் வைக்கிறார். இசையறிவு தெரிகிற இடம் இது. எடுத்துவிட்ட ஸ்வரம் காதில் விழாது என்பதால் வெளியே யாருக்கும் தெரியாத இடமும் இதுதான். கோப்பிலேயே வரும் கோளாறும் உண்டு: 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிவான லூப், மாற்றப்படாமல் 48-ல் ஓடினால் ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் ஏறிவிடும். எந்தக் கட்டைக்கு மாற்றினாலும் கால் ஸ்வரம் ஒட்டாது.

அப்படியானால் 1997-ல் ஆட்டோ-டியூன் வந்ததிலிருந்து இத்தனை ஸ்டுடியோக்கள் ஏன் இத்தகைய கருவிகளை நம்புகின்றன என்று கேட்கலாம். மேஜர், மைனர் கார்டுகளில் நிற்கும் பாட்டுக்கு அவை பெரும்பாலும் சரியாகவே வேலை செய்கின்றன; நீண்ட ஸ்வரத்தில் குரல் தளர்ந்தால் அழகாகத் தூக்கிக் கொடுக்கின்றன. அதை மறுக்கவில்லை. ஆனால் பெஹாகில் எட்டிப்பார்க்கும் பிரதி மத்யமத்தை, ஸ்கேலுக்கு வெளியே உள்ளது என்று பக்கத்து ஸ்வரத்துக்கு இழுக்கும் கருவிக்கு, அந்த அன்னிய ஸ்வரத்தால்தான் பெஹாகுக்கு மெருகு என்பது தெரியாது. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. அதை ஒரு கோட்டில் நிறுத்தினால் தோடி போய்விடும். வெளியே நிற்பதெல்லாம் பிழை என்று வைத்துக்கொண்டால், பிழை குறைவது போலத் தோன்றும், பாட்டும் குறையும்.

எல்லோருக்கும் கேள்வி ஞானம் வாய்க்காது, அவசர வேலையில் தம்பூரா வைத்துக் கேட்க நேரமில்லை என்பது நியாயமான மறுப்பு. நேரக் கணக்கில் அது எனக்குச் சரியாகப் படவில்லை: அடிச் சுருதியைத் தப்பாகப் பிடித்துப் பேஸ், பேட், ஸ்ட்ரிங்ஸ் எல்லாவற்றையும் அதன் மேல் ஏற்றியபின் பிரிப்பது, முதலிலேயே இரண்டிரண்டாகக் கேட்பதைவிடப் பல மடங்கு வேலை. காது பழகாதவருக்கும் வழி இருக்கிறது. ஆட்டோ-டியூன் போன்ற கருவிகளில் ஸட்ஜத்தையும் வேண்டிய ஸ்வரங்களையும் நாமே குறித்துக் கொடுக்கலாம். பாடகரிடமோ மெட்டுப் போட்டவரிடமோ கட்டையையும் ராகத்தையும் கேட்டு எழுதிக்கொண்டு, அந்த ஸ்வரங்களை மட்டும் திறந்து வைத்து, அசைய வேண்டிய இடங்களில் கரெக்‌ஷனை அணைத்துவிட்டால், அதே பிளக்-இன் பெஹாகுக்கும் இடைஞ்சல் செய்யாமல் ஓடும்.