மடியில் ஒரு பயணி

டெல்லியிலிருந்து வான்கூவருக்கு எங்கும் இறங்காமல் பறந்தால் ஏறத்தாழ 14 மணி நேரம். கோடைக்காலத்தில் இரு நகரங்களின் கடிகாரங்களுக்கும் இடையே பன்னிரண்டரை மணி நேர வேறுபாடு. ஆகவே விடியலுக்கு முன் கிளம்புபவர் அத்தனை நேரத்தையும் வானில் கழித்துவிட்டு, அதே தேதியின் காலையிலேயே இறங்குவார். நாட்காட்டியைக் கேட்டால் அப்படியொரு பயணம் நிகழ்ந்ததாகவே சொல்லாது. ஒன்பது மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தனியாகப் பயணம் செய்தவளைக் கேட்டால் வேறு கணக்கு கிடைக்கும்.

அவள் முனிர்க்காவில் மூன்றாம் மாடி அறையொன்றில் வாழும் மொழியியல் ஆய்வாளர். முனைவர் பட்ட ஆய்வுக் காலம் முழுமைக்கும் ஒருமுறை, 240 நாள்கள் வரை, பெண் ஆய்வாளர்களுக்கு மகப்பேறு அல்லது குழந்தை வளர்ப்பு விடுப்பு வழங்கலாம் என்கிறது பல்கலைக்கழக மானியக் குழுவின் ஒழுங்குமுறை. அந்த 240 நாள்களும் முடிந்து சரியாக ஒரு மாதம் ஆகியிருந்தபோதுதான் மாநாட்டிலிருந்து ஏற்புக் கடிதம் வந்தது. கட்டுரையை அனுப்பியது பேறுகாலத்துக்கும் முன்பு. கணவனுக்கு வேறு நகரத்தில் வேலை, விடுப்பு இல்லை. பயண நல்கை ஆய்வாளரின் பயணச்சீட்டுக்கு மட்டுமே. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை மடியில் அமர்ந்து வந்தாலும் பன்னாட்டுப் பயணத்தில் பெரியவர் கட்டணத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கும் வரியும் செலுத்த வேண்டும். அதை எந்தத் தலைப்பின் கீழ் கோருவது என்று அலுவலகத்தில் எவருக்கும் தெரியவில்லை. "அடுத்த ஆண்டு போகலாமே" என்று அன்போடு சொன்னவர்கள் பலர். அன்போடு சொல்லப்பட்டதாலேயே அது மறுக்கக் கடினமாக இருந்தது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தையை விட்டுப் போவதும் இயலாது. போகாமலே இருந்துவிட்டால் ஆய்வேட்டின் நான்காம் இயலை வெளியார் ஒருவர்கூடக் கேட்டிராத நிலையிலேயே சமர்ப்பிக்க நேரும்.

முதலில் குழந்தைக்குக் கடவுச்சீட்டு எடுக்க வேண்டியிருந்தது. தலை நிற்காத குழந்தையை வெள்ளைத் துணியில் படுக்கவைத்து, கண்களைத் திறந்தபடி, வாயை மூடியபடி ஒரு படம் எடுப்பதற்கு ஒரு முழுப் பிற்பகல் செலவாயிற்று. நல்லவேளையாக அது நான்காம் மாதத்திலேயே முடிந்திருந்தது.

ஊரிலிருந்து பெரியம்மா அழைத்தார். "கண்ணு, ஜலதோஷ மருந்து இருக்குதில்ல, அரை மூடி ஊத்தி உட்டுரு. இறங்குற வரைக்கும் தூங்கும்" என்றார். தம் நான்கு பிள்ளைகளையும் அப்படித்தான் ரயிலில் அழைத்துச் சென்றாராம். குழந்தை மருத்துவர் அதைக் கேட்டதும் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார். தூக்கம் வரவழைக்கும் அவ்வகை மருந்துகள் இந்த வயதில் மூச்சைப் பாதிக்கக்கூடும். சில குழந்தைகளுக்கு நேர்மாறாக, தூக்கத்துக்குப் பதில் கட்டுக்கடங்காத பரபரப்பையும் தரும். அழுதால் அழட்டும், விமானத்தில் அழுகை நோயன்று என்றார். பெரியம்மாவிடம் "சரி பெரியம்மா" என்று மட்டும் சொல்லிவைத்தாள்.

மருத்துவர் சொன்ன இன்னொன்று பயன்பட்டது. விமானம் ஏறும்போது நடுச்செவியில் உள்ள காற்று எளிதாக வெளியேறிவிடும். இறங்கும்போதுதான் வெளியழுத்தம் கூடிக்கொண்டே வர, தொண்டையையும் நடுச்செவியையும் இணைக்கும் குழல் திறந்தாலன்றிச் செவிப்பறை உள்நோக்கி இழுபட்டு வலிக்கும். பெரியவர்கள் விழுங்கியோ கொட்டாவி விட்டோ அதைத் திறந்துகொள்கிறார்கள். குழந்தைக்கு உறிஞ்சிக் குடிப்பதே வழி. ஆகையால் பசியை இறங்கும் நேரத்துக்குச் சேமித்து வைக்க வேண்டும். ஒன்பது மாதக் குழந்தையின் பசியை யார் சேமித்து வைப்பது என்பதை அவர் சொல்லவில்லை.

முன்வரிசைச் சுவரில் மாட்டும் தொட்டிலைத் தொலைபேசியில் உறுதி செய்திருந்தார்கள். விமான நிலைய முகப்பில் அது வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. கணினியைச் சுட்டிக் காட்டினார்கள்; கணினியோடு அந்த நேரத்தில் வாதாட முடியாது. கிடைத்திருந்தாலும் பெரிதாக நிம்மதியில்லை என்பதைப் பின்னர் கண்ணால் கண்டாள். இருக்கைப் பட்டை விளக்கு எரியும்போதெல்லாம் குழந்தையைத் தொட்டிலிலிருந்து தூக்கிவிட வேண்டும் என்பது விதி. தொட்டில் பெற்ற தம்பதி அன்று மூன்று முறை உறங்கும் குழந்தையை எழுப்பினார்கள். அவளுடைய மகளோ மடியிலேயே, தாயின் பட்டையோடு கோத்த சிறு பட்டைக்குள், முதல் நான்கு மணி நேரத்தைத் தூங்கிக் கழித்தாள்.

ஐந்தாம் மணியில் விழிப்பு. கேழ்வரகுக் கஞ்சி. கரண்டிகள், காகிதக் குவளை, பாதுகாப்புக் குறிப்பு அட்டை ஆகியவை ஒவ்வொன்றாகத் தரையில் எறியப்பட்டன. கழிப்பறையில் சுவரிலிருந்து மடக்கி இறக்கும் பலகையில் குழந்தையைக் கிடத்தி, முழங்கையால் கதவை அணைகொடுத்து, டயப்பர் மாற்றும் வித்தை கைவந்தது. குழந்தைக்கு மூன்று மாற்றுடைகள் எடுத்து வைத்தவள் தனக்கு ஒன்றும் எடுக்காதது பிழை. அதை ஆறாம் மணியில் கஞ்சி அவளது குர்த்தாவிலேயே எழுதிக் காட்டியது.

ஏழாம் மணியில் அழுகை தொடங்கிற்று.

முதுகலை மாணவர்களுக்கு அவள் விரும்பி நடத்தும் பாடம் ஒன்று உண்டு. 2009 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பிறந்து சில நாள்களே ஆன பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகை மெட்டு ஏறுமுகமாகவும் ஜெர்மன் குழந்தைகளின் அழுகை இறங்குமுகமாகவும் இருப்பதைக் காட்டியது. கருவிலேயே தாய்மொழியின் ஓசையொழுங்கு செவியில் படிகிறது என்பது அதன் விளக்கம். வகுப்பில் அந்த அலைவரைபடங்களைத் திரையில் காட்டும்போது எல்லோரும் வியப்பார்கள். விமானத்தில் எவரும் வியக்கவில்லை. முன்னிருக்கையில் இருந்தவர் காதணிக் கருவியைக் கழற்றித் திரும்பிப் பார்த்தார், மீண்டும் அணிந்தார், பின் பணிப்பெண்ணை அழைக்கும் பொத்தானை அழுத்தினார். பால் மறுக்கப்பட்டது. பாட்டு மறுக்கப்பட்டது. நடைவழியில் கடைக்கோடி வரை நடந்து திரும்புகையில் இருபுறமும் கண்கள் அவளைப் பார்க்காதவை போல் மூடிக்கொண்டன. போயிருக்கவே கூடாது, அடுத்த ஆண்டு என்றவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள் என்று, கடைக்கோடியில் உணவு வண்டிகளுக்கு அருகே நின்று, அவளும் அழுதாள். இதைப் பின்னாளில் தோழியரிடம் சொல்லும்போதெல்லாம் இந்த இடத்தை மட்டும் அவள் சிரித்தபடி வேகமாகக் கடந்துவிடுவது வழக்கம்.

அங்கே முழங்கால் வலிக்காக நின்றுகொண்டிருந்த மூதாட்டி ஒருவர், பேரனைப் பார்க்கச் செல்லும் பஞ்சாபியர், இரு கைகளையும் நீட்டினார். வான்கூவர் விமானத்தில் இத்தகைய பாட்டிகள் பாதிப்பேர் இருப்பார்கள். "இங்கே கொடு, புத்." புத் என்றால் மகன், மகளையும் மருமகளையும் முன்பின் அறியாதவளையும் அப்படியே அழைப்பது பஞ்சாபியில் வழக்கு. கொடுப்பதா வேண்டாமா என்று அவள் தயங்கியது அரை நிமிடம். அந்நியர் கையில் குழந்தையைக் கொடுக்காதே என்று எச்சரித்தவர்களும், கொடுக்கத் தெரியாதவள் தனியாகப் போகக் கூடாது என்றவர்களும் ஒரே ஆட்கள்தாம். கொடுத்தாள்.

பீஜி, அப்படித்தான் அழைக்கச் சொன்னார், தம் இருக்கைக்குக் குழந்தையைக் கொண்டுபோய் "மம்மம்? மம்மம்?" என்று கேட்டார். இவள் அவசரமாகக் கஞ்சிப் பெட்டியைத் திறந்தாள். பீஜி கையசைத்து மறுத்துத் தண்ணீர்க் குவளையைச் சுட்டினார். தமிழ்க் குழந்தைக்கு மம்மு சோறு. அந்தப் பக்கத்துக் குழந்தைக்கு மம்மம் தண்ணீர். சார்லஸ் பெர்கூசன் 1964 இல் ஆறு மொழிகளின் மழலைப் பேச்சை ஒப்பிட்டு எழுதிய கட்டுரையை மனப்பாடமாக அறிந்தவளுக்கு, வறண்ட விமானக் காற்றில் ஏழு மணி நேரமாக இருந்த குழந்தைக்குத் தாகமாயிருக்கும் என்பது தோன்றவில்லை. மகள் கரண்டி கரண்டியாகக் குடித்தாள்.

பிறகு குதிரை விளையாட்டு. நிற்கவே வலிக்கும் முழங்கால் அதற்கு மட்டும் எப்படியோ ஆடிக் கொடுத்தது. குதிரைக்கு இந்தியில் உள்ள அதே சொல்தான் பஞ்சாபியிலும். ஆனால் இந்தியின் மூச்சொலியோடு கூடிய முதல் மெய் பஞ்சாபியில் வெறும் ககரமாகி, மூச்சொலி போன இடத்தில் உயிரின் மேல் ஒரு தாழ்ந்த சுருதி வந்து உட்காரும். பீஜி ஒவ்வொரு முறை அச்சொல்லைத் தாழ்த்தித் தொடங்கியபோதும் குழந்தை அவர் வாயையே உற்றுப் பார்த்தது. வெர்க்கரும் டீஸும் 1984 இல் காட்டியது போல், ஆங்கிலம் கேட்டு வளரும் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாதங்களில் இந்தியின் பல்லொலியையும் நாவளையொலியையும் பிரித்துக் கேட்கின்றன. ஓராண்டு நெருங்கும்போது பெரும்பாலானவை அத்திறனை இழக்கின்றன. ஒன்பது மாதம் அந்தக் கதவு மெல்லச் சாத்தப்படும் காலம். அவளது கட்டுரையும் லகர ளகரங்களை வைத்து அதைப் பற்றியதே. ஆயினும் அப்போது அவள் குறிப்பேட்டை எடுக்கவில்லை. பீஜியின் காலி இருக்கையில் தலை சாய்த்து இரண்டு மணி நேரம் தூங்கினாள். அந்த இரண்டு மணி நேரம் குழந்தை யார் யார் மடியில் இருந்தது என்பது இன்றுவரை முழுதாகத் தெரியாது. முன்னிருக்கைக்காரரும் ஒருவர் என்று பணிப்பெண் சொன்னார்.

இறக்கம் தொடங்கியபோது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பவா, விடவா என்று பீஜியிடமே கேட்டாள். "எழுப்பு புத், காது நோகும்." எழுப்பினாள். சினந்து கத்திய குழந்தை பிறகு பாலை ஏற்றுக்கொண்டது. சக்கரங்கள் தரையைத் தொடும் வரை விடவில்லை.

பீஜிக்குச் சக்கர நாற்காலி பதிவு செய்யப்பட்டிருந்தது. சுங்க அறிவிப்பில் என்னென்ன கேட்டிருக்கிறது என்று இவள் படித்துச் சொன்னாள். ஊறுகாயைக் குறிப்பிட வேண்டுமா என்பதில் சற்று விவாதம் நடந்தது. நீண்ட தாழ்வாரத்தில் பணியாளர் நாற்காலியைத் தள்ள, பீஜியின் மடியில் குழந்தை அமர்ந்து எதிரே வருவோரையெல்லாம் உற்றுப் பார்த்தபடி போயிற்று. பின்னால் நடந்தவளின் இரு கைகளும் 14 மணி நேரத்தில் முதன்முறையாக வெறுமையாக இருந்தன. பையிலிருந்து கட்டுரையை எடுத்தாள். மூன்றாம் பக்கமும் நான்காம் பக்கமும் கஞ்சியில் ஒட்டிக்கொண்டிருந்தன. நடந்துகொண்டே, கிழியாமல், நகத்தால் அவற்றைப் பிரிக்கத் தொடங்கினாள்.