திருமுக்கூடல்: பெருமாள் கோயிலில் 15 படுக்கைகள்

காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு செல்லும் சாலையில், வாலாஜாபாத்தைக் கடந்தபின் வருவது பழையசீவரம். குன்றின்மேல் லட்சுமி நரசிம்மர் எழுந்தருளியிருக்கும் தலம் அது. அதற்கு நேர் எதிரே, பாலாற்றின் மறுகரையில் அமைந்துள்ளது திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று நதிகளும் ஒன்றுகூடும் இடமாதலின் ஊருக்கு இத்திருநாமம் வாய்த்தது.

இங்கே மூலவர் அப்பன் வேங்கடேசப் பெருமாள் நின்ற திருக்கோலத்தில் சேவை சாதிக்கிறார். அவருடைய திருவடிகளின் அருகே பூமிப்பிராட்டியாரும் மார்க்கண்டேய மகரிஷியும் தொழுத வண்ணம் உள்ளனர். மாட்டுப் பொங்கல் திருநாளில் காஞ்சி வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்காகப் பழையசீவரம் எழுந்தருளி, அங்கிருந்து ஆற்றைக் கடந்து இத்தலத்துக்கும் வருவார். சுற்றுவட்டாரத்துப் பெருமாள்களும் அன்று இங்கே கூடுவது வழக்கம். அந்த ஒரு நாளில் கரை முழுவதும் அடியார் கூட்டமாக இருக்கும். மற்ற நாட்களில் அமைதி நிறைந்த சந்நிதி இது.

இக்கோயிலைப் பற்றி அடியார்கள் அறிய வேண்டிய அரிய செய்தி ஒன்று கோயிற் சுவரிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. சோழ மன்னன் வீரராசேந்திரனின் 5-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 1068-ஐ ஒட்டி வெட்டப்பட்ட நீண்ட கல்வெட்டு அது. பெருமாளின் நித்திய பூஜைக்கும் உற்சவங்களுக்கும் இவ்வளவு நெல், இவ்வளவு பொன் என்று வரையறுத்துச் செல்லும் அக்கல்வெட்டு, அதே வரிசையில் வேதமும் வியாகரணமும் கற்பிக்கும் கல்விச்சாலைக்கும், மாணவர் தங்கும் விடுதிக்கும் நிபந்தம் சொல்கிறது. மாணவர்கள் சனிக்கிழமைதோறும் தேய்த்துக் குளிப்பதற்கான எண்ணெயைக்கூட அது மறக்கவில்லை. அதற்கு அடுத்தபடியாக வருவது ‘வீரசோழன்’ என்னும் பெயர் பெற்ற ஆதுலசாலை. ஆதுலர் என்றால் நோயுற்றோர். ஆதுலசாலை என்றால் மருத்துவசாலை.

அம்மருத்துவசாலையில் 15 படுக்கைகள் இருந்தன. கோயிற் பணியாளர்களும் கல்விச்சாலையைச் சேர்ந்தவர்களும் நோயுற்றால் அங்கே தங்கிச் சிகிச்சை பெற்றனர். ஒரு நோயாளிக்கு நாள் ஒன்றுக்கு ஒரு நாழி அரிசி. இரவு முழுவதும் எரிய ஒரு விளக்கு. நள்ளிரவில் வலியால் விழித்துக் கொள்பவர் இருளில் கிடக்கலாகாது என்னும் கருணையும் அந்த விளக்குக்கான ஏற்பாட்டில் அடங்கியிருக்கிறது.

பணியாளர் விவரமும் தெளிவாகவே உள்ளது. தலைமை வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். சல்லியக் கிரியை, அதாவது அறுவைச் சிகிச்சை செய்பவருக்கு 30 கலம். மூலிகை கொணர்ந்து, விறகு சேர்த்து, மருந்து காய்ச்சும் இருவருக்கு 60 கலம். நோயாளிகளுக்கு மருந்து கொடுத்துப் பணிவிடை செய்யும் பெண்கள் இருவருக்கு 30 கலம். நாவிதருக்கும் தண்ணீர் கொணர்பவருக்கும் 15 கலம் வீதம். 12 குறுணி ஒரு கலம் என்னும் பழைய கணக்கின்படி பார்த்தால், வைத்தியருக்கு நாள்தோறும் 3 குறுணி, அறுவை செய்பவருக்கு 1 குறுணி என்று அமைகிறது. நோய் தீர்க்கும் கைங்கரியம் அவ்வப்போது கிடைக்கும் தருமத்தை நம்பி நிற்கவில்லை. பெருமாளுக்குத் தளிகை நடப்பதுபோல் நாள் தவறாமல் நடக்குமாறு வகுக்கப்பட்டிருந்தது.

ஓராண்டுக்குச் சேமித்து வைக்க வேண்டிய ஏறக்குறைய 20 மருந்துகளின் பெயர்களும் கல்லில் காணப்படுகின்றன. ஆடாதோடையும் கடுக்காயும் சேர்ந்த வாசா ஹரீதகி, தசமூல ஹரீதகி, பூண்டும் ஆமணக்கெண்ணெயும் சேர்ந்த தைலம், பில்வாதி கிருதம், கல்யாண லவணம் ஆகியவை அவற்றுட் சில. பல்லாண்டு பழமையான பசு நெய்யாகிய புராண சர்ப்பியும் உண்டு. ஈசனுக்கு அர்ச்சிக்கப்படும் வில்வமும், சந்நிதியில் விளக்கெரியும் நெய்யும் இங்கே மருந்தாகவும் நின்றன.

திருமுக்கூடல் தனித்த உதாரணமும் அன்று. தஞ்சையில் குந்தவைப் பிராட்டியார் தம் தந்தை சுந்தர சோழரின் பெயரால் விளங்கிய ஆதுலசாலைக்கு நிலம் அளித்தார். திருவரங்கம் பெரிய கோயிலில் சிதைந்து போயிருந்த ஆரோக்கியசாலையை கருடவாகன பட்டர் மீண்டும் நிலைநிறுத்தி, தன்வந்திரி பகவானை எழுந்தருளச் செய்ததை 1493-ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது. இன்றும் அச்சந்நிதியில் அடியார்கள் நோய் நீங்க வேண்டித் தொழுகின்றனர்.

மருத்துவத்தைத் தெய்வத்தின் நிழலில் வைத்துப் போற்றியது நம் நாடு மட்டுமன்று. பண்டைக் கிரேக்க நாட்டின் எபிடாரஸ் தலத்தில், நோயுற்றோர் அஸ்கிலிபியஸ் என்னும் மருத்துவ தெய்வத்தின் கோயில் வளாகத்தில் இரவு உறங்கி, கனவில் அத்தெய்வத்தின் அருளை எதிர்நோக்கினர். இலங்கையின் மிகிந்தலையில், பிக்குகளுக்கான மருத்துவசாலையின் இடிபாடுகளும், மனித உடலின் வடிவில் குடைந்த கல் தொட்டியும் இன்றும் உள்ளன. கம்போஜ மன்னர் ஏழாம் ஜயவர்மரின் நாட்டில் 102 மருத்துவசாலைகள் இருந்ததை 1186-ஆம் ஆண்டின் தா புரோம் கோயிற் கல்வெட்டு கூறுகிறது. சமயம் வேறு, மொழி வேறு. நோயுற்ற உடலுக்குத் தெய்வ சந்நிதியில் இடம் உண்டு என்னும் எண்ணம் மட்டும் ஒன்றே.

திருமுக்கூடற் கல்வெட்டின் சிறப்பு இதுதான்: பெருமாள் சந்நிதிக்கும் வைத்தியர் அறைக்கும் இடையே அது பகை காணவில்லை. மருந்து உண்பது பக்திக் குறைவு என்றோ, நேர்ந்துகொண்டாயிற்று, இனி வைத்தியம் எதற்கு என்றோ எண்ணும் அன்பர்கள் இக்காலத்திலும் உண்டு. பிள்ளைகளுக்குச் செலவு வைக்கலாகாது என்று வலியை மறைத்து, தீர்த்தமும் திருத்துழாயும் போதும் என்றிருக்கும் முதியோரும் உண்டு. அவர்களுடைய பக்தி போற்றத்தக்கதே. ஆயினும் தீர்த்தமும் திருத்துழாயும் குறைவின்றிக் கிடைத்த கோயிலிலேதான், அறுவைச் சிகிச்சை செய்பவருக்கும் ஆண்டுதோறும் நெல் அளக்கப்பட்டது. கத்தி வைத்துச் சூடு போட்ட பின்னும் வைத்தியரிடம் அன்பு குறையாத நோயாளியையே, தமக்கும் எம்பெருமானுக்கும் உள்ள உறவுக்கு உவமையாக்கினார் குலசேகராழ்வார். வைத்தியரை நாடுவது இறைவனைக் கைவிடுவதாக இருந்திருந்தால், ஆழ்வார் திருவுள்ளத்தில் அந்த உவமை எழுந்திராது.

இன்று திருமுக்கூடலில் ஆதுலசாலை இல்லை. கல்வெட்டு இருக்கிறது, பெருமாள் இருக்கிறார். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இக்கோயிலுக்குக் காஞ்சிபுரத்திலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் சாலை வழியே பழையசீவரம் வந்து, பாலாற்றுப் பாலத்தைக் கடந்து செல்லலாம். செங்கல்பட்டு – அரக்கோணம் இருப்புப் பாதையில் பழையசீவரத்துக்கு ரயில் நிலையமும் உண்டு. பெருமாளைச் சேவித்து, நோயற்ற வாழ்வு வேண்டித் தொழுதபின், அக்கல்வெட்டையும் சற்று நேரம் நின்று காண்பது நலம். உடல் நலம் குன்றியவர்கள் வீடு திரும்பியதும், வைத்தியர் சொன்ன மருந்தை நேரம் தவறாமல் உட்கொள்ளட்டும். அதுவும் பெருமாளுக்கு உகந்ததே.