அண்ணனின் டிஸ்க்கும் நான் செய்த போர்டும்

அண்ணன் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. சொல்தாவாகப் பிரான்ஸ் போய், பென்ஷனோடு சுத்துக்கேணிக்கே திரும்பி வந்தவர். போன தை மாதம் பாரிசிலிருந்து அவர் மகள் பேசினாள். "சித்தப்பா, அப்பா லேப்டாப்புல எதையோ எழுதிக்கிட்டே இருப்பாரே, அது கிடைக்குமா?" என்றாள்.

பரணில் இருந்து இறக்கினேன். 1995 வாக்கில் அங்கே வாங்கிய லேப்டாப். உள்ளே பேட்டரி கசிந்து மதர்போர்டையே அரித்திருந்தது. டிஸ்க் மட்டும் பார்க்க நன்றாக இருந்தது. உள்ளங்கை அகலம்தான்.

என் பழைய மேசைக் கணினியில் ஐ.டி.இ. டிஸ்க் மாட்ட இடம் உண்டு. ஆனால் அது 40 பின், ஒன்றுக்கொன்று 2.54 மில்லிமீட்டர் இடைவெளி. லேப்டாப் டிஸ்க்குக்கு 44 பின், இடைவெளி 2 மில்லிமீட்டர். முதல் 40 பின் இரண்டிலும் ஒன்றேதான். கூடுதலாக உள்ள நாலில் 41, 42 இரண்டும் 5 வோல்ட், 43 எர்த், 44 சும்மா.

இதற்குக் கடையில் கன்வர்ட்டர் கிடைக்கும். ஒன்று வாங்கி, கெட்டுப்போன டிஸ்க் ஒன்றில் மாட்டிப் பார்த்தேன். ஒரு வரிசை தள்ளி மாட்டிவிட்டேன், புகை வந்தது. அதில் தப்பாக மாட்டுவதைத் தடுக்க எதுவுமில்லை. அண்ணன் டிஸ்க்கை அதில் மாட்ட மனசு வரவில்லை. எங்கள் ஊரில் முதுமக்கள் தாழிகளைத் தோண்டிய பிரெஞ்சுக்காரர் கசால் அதைப் பற்றி 1956-இல் பாரிசில் புத்தகமே போட்டார். மண்பானையை உடையாமல் எடுக்கவே அவ்வளவு பக்குவம் தேவைப்பட்டிருக்கிறது. நானே செய்வதென்று முடிவு செய்தேன்.

ரேடியோ ரிப்பேர் பழக்கம் வாலிப வயசிலிருந்தே உண்டு. சென்னை ரிச்சி தெருவில் செம்புத் தகடு ஒட்டிய போர்டும் கனெக்டர்களும் வாங்கினேன். 2 மில்லிமீட்டர் இடைவெளியில் கையால் கோடு போட எழுபது வயசுக் கண்ணுக்கு முடியாது. வழவழப்பான தாளில் லேசர் பிரிண்ட் எடுத்து, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து மையைச் செம்பில் இறக்கினேன். பெர்ரிக் குளோரைடில் போட்டதும் வேண்டாத செம்பு கரைந்தது. 5 வோல்ட் வழியில் 1 ஆம்பியர் பியூஸ், பக்கத்தில் ஒரு எல்.இ.டி. டிஸ்க்கில் 20-ஆம் பின் கிடையாது. கனெக்டரில் அந்தத் துளையை அடைத்துவிட்டேன். இனி தள்ளியோ தலைகீழாகவோ மாட்ட முடியாது.

கரண்ட் கொடுக்கும் முன் மீட்டர் வைத்து ஒவ்வொரு பின்னாகச் சரிபார்த்தேன். முப்பத்தைந்து வருஷம் ஃபைல் சரிபார்த்த கை அல்லவா! பின் 1 இருக்க வேண்டிய இடத்தில் பின் 2 இருந்தது. பிரிண்ட் எடுக்கும்போது கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் போட மறந்திருக்கிறேன். பின் 1 ரீசெட், பின் 2 எர்த். ரீசெட் எர்த்தில் பட்டுக்கொண்டே இருந்தால் டிஸ்க் எழுந்திருக்காது. அந்தப் போர்டைத் தூக்கிப் போட்டு, மறுபடி செய்ய நாலு நாள் ஆயிற்று.

இரண்டாவது போர்டை முதலில் வேறொரு பழைய டிஸ்க்கில் சோதித்தேன். பிறகு அண்ணனுடையதை மாட்டினேன். விசிலடிப்பதுபோல் சத்தம் போட்டுச் சுழன்றது. எதையும் திறக்காமல் முதலில் முழு டிஸ்க்கையும் நகல் எடுத்தேன். அதன் பிறகுதான் மூச்சு வந்தது.

நாட்குறிப்பு எதுவும் இல்லை. பழைய நோட்டுகளைப் பார்த்து அடித்த வரவுசெலவுக் கணக்கு, பிரெஞ்சில். டாஸ் காலத்து எழுத்தை விண்டோசில் திறந்தால் 'எ' ஒலிக்குரிய, மேலே கோடு போட்ட எழுத்து கமா மாதிரி தெரியும். பிரெஞ்சு வழியில் படித்தவனுக்கு அது தடையில்லை. 1963 முதல் 1969 வரை மாதாமாதம் ஒரே வரி. பள்ளியைக் குறிக்கும் 'எக்கோல்' என்ற சொல்லின் முதல் எழுத்து கமாவாகியிருந்தது. "தம்பி பள்ளிக்கூடத்துக்கு" என்று அர்த்தம். எதிரே தொகை.

நான் புதுச்சேரியில் தங்கிப் படித்த அதே வருஷங்கள். கடலை விற்ற காசில்தான் அப்பா படிக்க வைத்தார் என்று நம்பியிருந்தேன். அப்பாவும் சொல்லவில்லை, அண்ணனும் சொல்லவில்லை. பென்ஷனோடு வந்த பிறகு எங்கள் திண்ணையில் எத்தனை சாயங்காலம் உட்கார்ந்திருப்பார்!

பெண்ணுக்கு நகல் அனுப்பிவிட்டேன். "எனக்குத் தெரியும் சித்தப்பா, உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருந்தார்" என்றாள்.

அப்பா கடலை விற்றுப் படிக்க வைத்தார் என்று இங்கே முன்பு ஒரு கட்டுரையில் எழுதியிருந்தேன். அதைப் படித்தவர்கள் தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள். படிக்க வைத்தவர் என் அண்ணன்.