தெய்வத்தாய்: ஒரு தொகையை விரித்தல்

தெய்வத்தாய் என்ற சொல்லை இரண்டு விதமாக விரிக்கலாம். தெய்வத்தினது தாய் என்றால் ஆறாம் வேற்றுமைத்தொகை. தெய்வமாகிய தாய் என்றால் பண்புத்தொகை. 1964இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த படத்துக்கும் இதுதான் பெயர். அங்கே யாரும் முதல் அர்த்தத்தை எடுத்திருக்க மாட்டார்கள். மாதா பாட்டில் அதே சொல் வந்தால் திருச்சபை முதல் அர்த்தத்தை மட்டும்தான் ஏற்கும். மரியா கடவுளின் தாய், கடவுள் அல்ல. ஆராதனை கடவுளுக்கு, மாதாவுக்கு வணக்கம்தான். ஆனால் தொகையில் உருபு மறைந்து கிடக்கிறது. பாடுகிறவர் மனதில் அது எப்படி விரிகிறது என்று மெட்டுக்குத் தெரியாது.

மாத்தூரில் எங்கள் பாடகர் குழுவில் இதை வைத்து ஒரு சண்டையே நடந்தது. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு முன் மாதா பாட்டுகளை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தோம். மூத்த அண்ணன் ஒருவர் தாளில் அந்தச் சொல்லை அடித்துவிட்டு, “இறைவனின் தாய்னு பாடுங்கப்பா, கொழப்பமே இருக்காது” என்றார். கீபோர்டு வாசிக்கிற தம்பி, “மூணு அசை இருக்குற எடத்துல அஞ்சு எப்டிண்ணா உக்காரும்?” என்றான். இறையன்னை என்று மாற்றலாம் என்றாள் ஒருத்தி. அதுவும் தொகைதான், அதே சிக்கல்தான்.

அண்ணனை வறட்டுப் பிடிவாதக்காரர் என்று ஒதுக்கிவிட முடியாது. பாட்டு வரிகள் கத்தோலிக்கப் போதனைக்கு இசைவாக இருக்க வேண்டும், முக்கியமாக விவிலியத்திலிருந்தும் வழிபாட்டிலிருந்தும் எடுக்கப்பட வேண்டும் என்று 1963இலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொல்லிவிட்டது. 2020இல் அமெரிக்க ஆயர்களின் கோட்பாட்டுக் குழு, பாடல் வரிகளை எப்படிச் சோதிப்பது என்று தனி வழிகாட்டியே வெளியிட்டது. நற்கருணையை வெறும் அப்பமும் ரசமுமாகக் காட்டும் பாட்டுகள்தான் அதில் முக்கியமான கவலை.

எனக்கு இது ஏட்டு விவகாரம் இல்லை. அம்மா கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கியவர். மறைக்கல்வி வகுப்பில் அவரை யாரும் ஒழுங்காக உட்கார வைத்ததில்லை. அவருக்குத் தெரிந்த வேதம் எல்லாம் பாட்டு வழியாக வந்ததுதான். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவரிடம் கேட்டேன். “சாமியப் பெத்தவ”ன்னார். சரியான பதில். உடனே, “சாமியப் பெத்தவ சாமியா இல்லாம எப்டிடா இருப்பா?” என்றும் கேட்டார்.

இந்தக் கேள்விக்குப் பக்கத்திலேயே இருக்கிறது 431இல் எபேசு சங்கத்தில் நடந்த வழக்கு. கிறிஸ்துவின் தாய் என்று சொன்னால் போதும் என்றார் கான்ஸ்டான்டிநோபிள் ஆயர் நெஸ்தோரியு. கடவுளின் தாய் என்றே சொல்லலாம் என்றது சங்கம். மரியாவைத் தெய்வமாக்க அல்ல. அவர் பெற்ற பிள்ளை யார் என்பதை உறுதிசெய்யத்தான். அந்தப் பட்டமே மகனைப் பற்றியது.

அதனால் எனக்கு அந்த ஒற்றைச் சொல்மேல் பெரிய புகார் இல்லை. மகன் வராத மாதா பாட்டுமேல்தான் புகார். எங்கள் பாட்டின் மூன்றாம் சரணத்தில் சிலுவையும் மகனும் இருக்கிறார்கள். நேரமில்லை என்று பல வருடங்களாக நாங்கள் விட்டுவிடுவது அந்தச் சரணத்தைத்தான். பவனியில் பல்லவியையே திரும்பத் திரும்பப் பாடுவோம். தப்பான வரி எதையும் பாடவில்லை. ஆனாலும் ஜனங்கள் காதுக்குப் போய்ச் சேர்ந்தது பாதிதான். தொகையை விரிக்கிற வேலையைச் செய்வது சரணம். அதை வெட்டிவிட்டுப் பல்லவியில் இலக்கணம் தேடிப் பயனில்லை.

அண்ணன் அடித்த சொல் திரும்ப வந்தது, மூன்றாம் சரணமும் வந்தது. அந்த வருடம் அம்மா வீட்டில் அரிசி களைந்துகொண்டே அந்தச் சரணத்தை முணுமுணுத்தார். “பாவம், அவளும் கடைசில அவர் காலடியிலதான் நின்னா” என்றார். நான் எந்த விளக்கமும் சொல்லவில்லை.